கால் போட்டாச்சு, அப்புறம்?

“அதான் இலவசமா கால் போட்டுட்டாங்கள்ல, அப்புறம் என்னவாம்?”

தமிழ்நாடு–ஆந்திர எல்லையோரம் உள்ள ஆரம்பாக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். மனசில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் ஓர் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது, செயற்கைக் கால்தான். அந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார். கால்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த அலைச்சல் என்பது அண்ணனின் சந்தேகம்.

எனக்கும் ஒரு காலத்தில் இதே சந்தேகம் இருந்தது. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பம் ஏற்றித்தர ஆரம்பித்த பிறகு, கால் இழந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசப் பேசத்தான் விஷயம் பிடிபட்டது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஆகவே, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வதுபோல் இங்கே எழுதுகிறேன்.

மிதிவெடி வேறு, கண்ணிவெடி வேறு

முதல் பாடம் அந்த அக்காவிடமிருந்தே வந்தது. விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் நான் ‘கண்ணிவெடி’ என்று தட்டப்போனேன். “கண்ணிவெடி இல்லை தம்பி, மிதிவெடி” என்று நிறுத்தினார். வன்னியில் ஆள் மிதித்தால் வெடிப்பது மிதிவெடி. வாகனத்துக்காகப் புதைப்பதும், தூரத்தில் இருந்து இயக்குவதும் கண்ணிவெடி. நம் ஊர்ப் பத்திரிகைகளில் எல்லாமே கண்ணிவெடிதான்.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. உலக நாடுகளின் ஒப்பந்தமும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. 1997-ல் ஆஸ்லோவில் ஏற்கப்பட்டு, அந்த டிசம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் கையெழுத்தாகி, 1999 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் தடை செய்வது ஆள் மிதித்தால் வெடிக்கும் ரகத்தை மட்டும்தான். டாங்கிக்கு வைக்கும் வெடி அதில் வராது.

மிதிவெடிக்குள் இருப்பது சில பத்து கிராம் வெடிமருந்து. ஆளைக் கொல்வதைவிட முடமாக்குவதுதான் அதன் கணக்கு. ஒரு சிப்பாய் செத்தால் ஓர் ஆள் குறைவு. காலை இழந்து அலறினால், தூக்கிப்போக இன்னும் இருவர் வேண்டும். இப்படியும் ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். அந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு. போர் முடிந்த செய்தி மண்ணுக்குள் போகாது. இலங்கையில் 2009-ல் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் முகமாலைப் பக்கம் ஆண்டுக்கணக்காக மண்ணைக் கிளறி வெடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முழங்காலில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்பவர்களில் போரில் கணவரை இழந்த பெண்கள் பலர்.

வெடித்தால் என்ன நடக்கிறது? பாதம் போகிறது என்று மட்டும் நினைப்போம். வெடியின் வேகம் மண், கல், செருப்புத் துண்டு, எலும்புத் துகள் எல்லாவற்றையும் தசைகளுக்கு நடுவே மேல்நோக்கி அடித்துத் தள்ளுகிறது. வெளியே பார்த்தால் காயம் கணுக்காலில் இருக்கும். உள்ளே அழுக்கு கெண்டைக்கால் வரை ஏறியிருக்கும். அதனால்தான் மருத்துவர் காயத்துக்கு வெகு மேலே வெட்ட வேண்டி வருகிறது. வெட்டியதும் தைத்துவிடவும் மாட்டார்கள். சில நாள் திறந்தே வைத்து, சீழ் இல்லை என்று பார்த்த பிறகுதான் மூடுவார்கள். இரண்டு மூன்று அறுவை சாதாரணம். இதில் எல்லாரும் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: முழங்கால் மூட்டு தப்ப வேண்டும். மூட்டு இருந்தால் நடை ஒரு மாதிரி, போய்விட்டால் முற்றிலும் வேறு மாதிரி. மூட்டுக்கு மேலே கால் போனவர் அதே தூரம் நடக்க நம்மைவிட வெகுவாக மூச்சு வாங்குவார்.

ஈழத்துக் கதை நமக்கு எதற்கு என்று எல்லையோரத்தில் இருப்பவர்கள் சொல்லிவிட முடியாது. 2003 அக்டோபர் 1 அன்று திருப்பதி அலிபிரியில், அப்போதைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் கார் வரிசையைக் குறிவைத்து வெடித்தவை கிளேமோர் கண்ணிவெடிகள். வடக்கே போனால், 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு ராஜஸ்தான், பஞ்சாப், காஷ்மீர் எல்லை வயல்களில் ராணுவம் புதைத்த வெடிகளில் விவசாயிகளும் மாடுகளும் சிக்கினார்கள். ஒட்டாவா ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. பாகிஸ்தான், சீனா, ரஷ்யா, அமெரிக்காவும் இல்லை. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் தன் மண்ணைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டும். 2025-ல் பின்லாந்து, போலந்து, மூன்று பால்டிக் நாடுகள் ரஷ்யாவுக்குப் பயந்து ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. பயம் புரிகிறது. ஆனால் அங்கே புதைக்கப்போகும் வெடியையும் ஒரு நாள் ஒரு பிள்ளைதான் மிதிக்கும்.

‘உதவி’ என்றால் எவ்வளவு?

இந்தத் தடைக்காகப் போராடிய பன்னாட்டு இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் 1997-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அது செய்தித்தாளில் வந்த பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில் ஒளிந்திருக்கும் ஒரு வரி. வெடியைத் தடை செய்தால் போதாது. ஏற்கெனவே காயப்பட்டவருக்கு மருத்துவம், மறுவாழ்வு, சமூகத்திலும் வேலையிலும் மறுபடி இடம் ஆகியவை கிடைக்க, முடிந்த நாடுகள் உதவ வேண்டும் என்கிறது அது. அதற்கு முன் எந்த ஆயுதத் தடை ஒப்பந்தமும் காயப்பட்டவரைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டதில்லை.

இதற்கு ‘பாதிக்கப்பட்டோருக்கான உதவி’ என்று பெயர். அன்னதானம் மாதிரியான உதவி என்று எடுத்துக்கொண்டால் தப்பு. ஆம்புலன்ஸ் வருவதில் ஆரம்பித்து, அறுவை, செயற்கைக் கால், மனசுக்கான மருத்துவம், படிப்பு, பிழைப்பு, எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பு, இவற்றுக்கெல்லாம் சட்டம் என்று மொத்தச் சங்கிலியும் அதில் வரும். ஒரு கண்ணி அறுந்தால் மற்றதெல்லாம் வீண். ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லாதவருக்கு இலவசக் கால் இருந்தும் பயனில்லை, அளவு எடுக்க அவரே போக முடியாது.

இதில் இன்னொரு கொள்கையும் சேர்ந்துகொண்டது. கொத்துக்குண்டுகளைத் தடை செய்த 2008 ஒப்பந்தம் அதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. வெடியில் கால் போனவருக்கும் வேறு காரணத்தால் கால் போனவருக்கும் நடுவே பாகுபாடு கூடாது. தேவையைப் பார், காரணத்தைப் பார்க்காதே. அது மட்டும் இல்லை, பாதிக்கப்பட்டவர் என்றால் காயப்பட்டவர் ஒருவர் மட்டும் அல்ல, அவர் குடும்பமும் சேர்த்தி என்கிறது.

இந்த இடத்தில்தான் முகாம் அக்காவின் கதை நம் எல்லாருடைய கதையாகிறது. என் மேசைக்கு வரும் கால் இழந்தவர்களில் மிதிவெடிக்காரர்கள் ஓரிருவர்தான். மற்றவர்களில் சர்க்கரை நோயில் புண் ஆறாமல் போனவர் இருக்கிறார், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி ஏறியவர் இருக்கிறார். தண்டவாளம் கடந்தவர், சிப்காட் பிரஸ்ஸில் கை மாட்டியவர் என்றும் வருகிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் அறுத்த பிறகு எல்லாருக்கும் வழி ஒன்றுதான். அந்த வழிக்காக உலக அரங்கில் முதலில் சண்டை போட்டவர்களில் மிதிவெடியில் கால் இழந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 2006-ல் வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை எழுதும் மேசையிலும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தியா 2007-ல் அதை ஏற்றது. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதிலிருந்து வந்தது. சர்க்கரையில் கால் போன நம் ஊர்ப் பெரியவர் இன்று கையில் வைத்திருக்கும் அட்டைக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு.

சாக்கெட் என்னும் தலைவலி

இனி டீக்கடை அண்ணனின் கேள்விக்கு வருகிறேன்.

அறுவை முடிந்த கையோடு கால் மாட்ட முடியாது. மிச்சம் இருக்கும் பகுதியை ஆஸ்பத்திரியில் ‘ஸ்டம்ப்’ என்பார்கள். அது முதலில் வீங்கிக் கிடக்கும். கிரேப் பேண்டேஜை எட்டு போடுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிச் சுற்றி அதைக் கூம்பு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாரங்கள் ஆகும். இந்த நேரத்தில் வீட்டார் அன்பினால் செய்யும் ஒரு பெரிய தப்பு உண்டு. பாவம், வலிக்குமே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். இறுகிய மூட்டில் கால் மாட்டி நடக்க வைப்பது பெரும்பாடு. மூட்டுக்கு மேலே அறுத்திருந்தால் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். அதற்கும் இதுதான் காரணம்.

அப்புறம் அளவு. ஸ்டம்பின் மேல் மாவுக்கட்டு போட்டு, காய்ந்ததும் கழற்றி, அந்த அச்சில் மாவு ஊற்றி ஒரு பொம்மைக் கால் செய்வார்கள். அதன்மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கிப் போர்த்தினால் கிடைக்கும் கூடுதான் சாக்கெட். எல்லாத் தலைவலியும் இங்கேதான். பார்ப்பவர் கண் பாதத்தில்தான் நிற்கும். பாதம் எதுவானாலும் சமாளித்துக்கொள்ளலாம். சாக்கெட் அரை விரல்கடை தப்பினால் நடக்கவே முடியாது. உடம்பின் எடை முழுவதும் அறுத்த எலும்பின் நுனியில் நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நின்றால் ஒரு நாள்கூடத் தாங்காது. முழங்காலுக்குக் கீழ் அறுத்தவருக்கு, மூட்டுச் சில்லுக்குக் கீழே இருக்கும் நாண் பகுதியும் பக்கத்துச் சதைகளும் சேர்ந்துதான் எடையை வாங்குகின்றன. எங்கே அழுத்தலாம், எங்கே அழுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கூட்டைச் செதுக்குவது ஒரு கைவினை.

உடம்பு ஒரே அளவில் இருப்பதும் இல்லை. காலையில் வீக்கம், சாயங்காலம் தொளதொளப்பு. அதற்குத்தான் ஸ்டம்புக்கு என்று தனியாகப் பருத்தி சாக்ஸ். அக்கா காலையில் ஒன்று போடுவார், மதியம் இரண்டாவதையும் மாட்டுவார். பழவேற்காட்டுக் காற்றின் புழுக்கத்தில் சித்திரை வெயிலுக்குச் சாக்கெட்டுக்குள் வேர்த்து ஊற்றும். இரவில் கழற்றி, கழுவி, துடைத்து, சிறு கண்ணாடியை அடியில் பிடித்து எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரருக்கு இது உயிர் போகிற விஷயம். அவருக்கு உணர்ச்சி குறைவு, புண் வந்தாலே தெரியாது.

போன வருடம் அக்காவுக்கு டைபாய்டு. உடம்பு இளைத்துவிட்டது. நான்கு சாக்ஸ் போட்டும் கால் உள்ளே ஆடியது. புதுக் கூடு செய்ய வேண்டிவந்தது. முதல் பயணம் அளவுக்கு, இரண்டாவது மாட்டிப் பார்க்க, மூன்றாவது பயணம் ஒரு பக்கம் சிவந்ததால் அதைச் சரிசெய்ய. மூன்று தடவையும் கணவர் கூலி வேலையை விட்டுவிட்டுக் கூடவே போனார். அண்ணன் கேட்ட ‘என்னவாம்’ இதுதான்.

பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு கால் என்பது பொதுக் கணக்கு. பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று, ஏனென்றால் அவர்கள் வளர்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அறுத்த எலும்பு சதையைவிட வேகமாக வளர்ந்து நுனியில் குத்தும், மறுபடி அறுவை செய்ய வேண்டி வரும். பத்து வயதில் கால் போன பிள்ளைக்கு ஆயுசு முழுக்க இருபதுக்கும் மேல் கால்கள் வேண்டியிருக்கும் என்று கூட்டிப்பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டத்தில் ஒருமுறை வாங்கினால் மூன்று ஆண்டு கழித்துத்தான் அடுத்தது; 12 வயதுக்குக் கீழ் என்றால் ஓராண்டு. வளரும் பிள்ளைக்கு ஓராண்டு என்பதே நீளம் என்பது என் அபிப்பிராயம். திட்டம் வகுத்தவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிய செருப்பை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

பாதத்தைப் பற்றி ஒரு நல்ல கதை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1968 வாக்கில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து ஒரு பாதம் செய்தார்கள். வெளிநாட்டுப் பாதம் ஷூவுக்குள் போட்டு நாற்காலியில் உட்காருபவருக்கு ஆனது. நம் ஆட்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டும், சம்மணம் போட வேண்டும், குந்த வேண்டும், கோயிலுக்குள் போக வேண்டும். டயர் கடைக்காரர் ரப்பரை வேகவைப்பதுபோல், மரக்கட்டையும் பஞ்சு ரப்பரும் வைத்து அச்சில் வேகவைத்து எடுத்ததுதான் ‘ஜெய்ப்பூர் கால்’. மேல் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அதே பிளாஸ்டிக் குழாய். 1975-ல் டி.ஆர். மேத்தா தொடங்கிய அமைப்பு அதை இலவசமாக ஊர் ஊராகக் கொண்டுபோனது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் பெயரிலேயே ஒரு நிலையம் நடந்தது. அக்காவின் முதல் கால் இந்த ரகம்தான். “வயலுக்க இறங்கலாம்” என்பது அவர் கொடுத்த ஒரே சான்றிதழ்.

நம் பக்கத்தில் போக வேண்டிய இடங்கள்: சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம். சித்தூர், குடியாத்தம் பக்கத்தவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம். பாகாயத்து நிலையத்துக்கு வைத்திருக்கும் மேரி வர்கீஸ் பெயரே ஒரு பாடம். அவர் கொச்சிப் பக்கத்து மலையாளி, வேலூரில் படித்த டாக்டர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையையே இங்கே கட்டி எழுப்பினார். 1966-ல் நிலையம் வந்தது.

இல்லாத கால் வலிக்கும்

முதன்முதலில் இதைக் கேட்டபோது நான் உள்ளுக்குள் நம்பவில்லை. சிப்காட்டில் கையை இழந்த ஒரு பையன், “அண்ணே, இல்லாத விரல்ல நகம் உள்ளங்கையில குத்துது” என்றான். மனப்பிரமை என்று நினைத்தேன். வீட்டிலும் அப்படித்தான் நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போயிருந்தார்கள்.

மருத்துவத்தில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த சிப்பாய்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-ல் ‘பேய் உறுப்பு’ என்று பொருள்படும் பெயரையே வைத்தார். மூளைக்குள் நம் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. காலை வெட்டினாலும் வரைபடத்தில் கால் அழிவதில்லை. இதைக் கையாள ஒரு மலிவான வழியைக் கண்டுபிடித்தவர் நம்மவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை அதன்முன் வைத்தால், பிம்பம் இல்லாத கை இருக்கும் இடத்தில் தெரியும். இருக்கும் கையை விரித்தால், இல்லாத கையும் விரிவதாக மூளை ஏமாறும். பிடிப்பு தளரும். எல்லாருக்கும் பலிப்பதில்லை, சிலருக்கு நல்ல பலன். பையனுக்குச் சொன்னேன், வீட்டு அலமாரிக் கண்ணாடியிலேயே முயன்று பார்த்தான். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பிறகு முறையாகச் சொல்லிக்கொடுத்தார்.

வலியைவிடப் பேச்சு சில நேரம் அதிகம் குத்தும். ‘நொண்டி’ என்ற சொல்லை அரசாங்கம் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டது, திண்ணையிலிருந்து எடுக்க முடியவில்லை. இப்போது ‘மாற்றுத்திறனாளி’. கேரளத்திலும் இதே பொருளில் ‘பின்னசேஷி’ என்கிறார்கள். சொல் மாறியது நல்லதுதான். ஆனால் அக்காவுக்கு எந்தச் சொல்லிலும் அக்கறை இல்லை. “பொய்க்கால்” என்றே சொல்வார், சிரித்துக்கொண்டே. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே முறை. கல்யாண வீட்டில் யாரோ கணவரைப் பார்த்து, “நீங்க பெரிய மனசுக்காரர், வெச்சு வாழ்றீங்களே” என்றபோது.

அட்டை, சதவீதம், எல்லைக்கோடு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் உண்டு. உறுப்பிழப்பு இயக்கக் குறைபாட்டில் வரும். சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்தில் ஆரம்பிக்கின்றன. அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் இட ஒதுக்கீடு எல்லாம் அந்த 40-க்கு மேல்தான். சதவீதத்தை மருத்துவர் தோராயமாகப் போடுவதில்லை, எந்த இடத்தில் அறுத்தது என்பதற்கு அட்டவணை இருக்கிறது. பெருவிரல் மட்டும் போனவருக்கு 40 வராது. “கால் போச்சு, 30 போட்டுட்டாங்க” என்று சண்டைக்கு வருபவர்களிடம் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். 40-க்குக் கீழ் வெள்ளைப் பட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலோ, சிகிச்சை எடுத்த அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்கலாம்.

அட்டை எல்லை தாண்டும், பணம் தாண்டாது. இதுதான் எங்கள் பக்கத்துக் குழப்பம். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023-ல் 1,500 ரூபாய் ஆனது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்தின் தடா, சூளூர்பேட்டையில் 2024 ஜூலையிலிருந்து 6,000. அண்ணன் தம்பி இருவர், ஒருவருக்கு வீடு ஆரம்பாக்கத்தில், ஒருவருக்குத் தடாவில். கால் போனது ஆரம்பாக்கத்துக்காரருக்கு. “வீட்டை நாலு கிலோமீட்டர் தள்ளி வெச்சுக்கட்டா?” என்று கேட்டார். கிண்டல்தான், ஆனால் பாதிதான் கிண்டல். இரண்டு பக்கமும் அட்டை வைத்து இரண்டு பக்கமும் வாங்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஆதாரில் மாட்டிக்கொண்டு உள்ளதும் நின்றுபோகும். அந்தச் சுற்றுப்பக்கம் 2022-ல் நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனதில், எந்த ஆபீசுக்குப் போவது என்று அலைந்தவர்களும் இருக்கிறார்கள். ஆந்திரத்தில் ஊனச் சான்றிதழுக்கு ‘சதரம்’ என்று பெயர். தெலுங்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

வேலை பார்க்கும் இடத்தில் அடிபட்டவர்கள் மறக்கக் கூடாதது இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடு. வீடு இங்கே, வேலை ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் என்றாலும் இஎஸ்ஐ ஒன்றிய அரசுடையது, எல்லை கிடையாது. நிரந்தர ஊனம் என்று மருத்துவ வாரியம் முடிவுசெய்தால், சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்றோ அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதப் பணம் வரும். “கையில பத்தாயிரம் வாங்கிக்க, கேஸ் வேணாம்” என்று மேஸ்திரி சொல்வதைக் கேட்டு அதை விட்டவர்களை நான் எண்ணி முடிக்க முடியாது.

நாட்டுக்குள் கண்ணிவெடியிலோ தீவிரவாதத் தாக்குதலிலோ சிக்கிய பொதுமக்களுக்கு ஒன்றிய உள்துறையின் தனித் திட்டம் ஒன்றும் உண்டு. இறப்புக்கோ, 50 சதவீதமோ அதற்கு மேலோ ஆன நிரந்தர ஊனத்துக்கோ 5 லட்சம் ரூபாய்.

சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 20-ஆம் பிரிவு. பணியில் இருக்கும்போது ஊனமான அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு வேலை காலியில்லையா? கூடுதலாக ஒரு பணியிடம் உண்டாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்குக் கால் போனால் அவர் தலையெழுத்து முடிந்தது என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவைக் காட்டுங்கள். அதேபோல் ‘நியாயமான ஏற்பாடு’ என்று ஒன்று: ஒருவருக்காக மேசையின் உயரத்தை மாற்றுவது, தரைத்தள அறை தருவது. அதைத் தயவு என்று நினைத்துக் கும்பிட வேண்டியதில்லை, கேட்டு வாங்கலாம்.

ஆனால் கேட்க ஆள் வேண்டும். ஒருமுறை மருத்துவச் சான்று முகாமுக்கு நான்கு பேரை ஆட்டோவில் அழைத்துப்போனேன். முகாம் மாடியில், லிப்ட் இல்லை. கால் இல்லாதவருக்குக் கால் இல்லை என்று சான்று கொடுக்க, அவர் மாடிப்படி ஏற வேண்டும். ஒருவர் உட்கார்ந்தபடியே படிப்படியாகத் தவழ்ந்து ஏறினார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே மனு எழுதினேன். அடுத்த முகாமைத் தரைத்தளத்தில் வைத்தார்கள், அது எங்களுக்குப் பெரிய வெற்றி. மனு எங்கே போகும் என்றால், முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், நடக்கவில்லை என்றால் மாநில ஆணையர். ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தைப் போல் ஆட்களை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் உண்டு. சாய்தளம், லிப்ட் போன்றவற்றுக்கு விதிகளை வெறும் ஆலோசனையாக விடாமல் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பை ஒரு வரியில் சேர்த்தால் அதிகாரி நிமிர்ந்து உட்காருகிறார்.

பெயரும் புகழும் இருந்தாலும் இந்தச் சண்டை விடுவதில்லை. நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் திருச்சிப் பக்கம் நடந்த பஸ் விபத்துக்குப் பின் காலை இழந்தார். ஜெய்ப்பூர் காலோடு மறுபடி மேடையேறி ஆடினார். அவர் கதை தெலுங்கில் படமானபோது அவரே நடித்தார். 2021-ல் அதே சுதா சந்திரன், விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு முறையும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமருக்கு வீடியோவில் முறையிட வேண்டியிருந்தது. பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. அவருக்கே நாற்பது வருடம் கழித்தும் இந்தக் கதி என்றால், முகாம் அக்காவுக்கு என்ன?

அக்காவோடு போன வாரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நின்றேன். மின்சார ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனிப் பெட்டி உண்டு. அதில் எப்போதும் நல்ல காலோடு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நடைமேடைக்கும் படிக்கும் நடுவே ஓர் இடைவெளி. அக்கா கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் தூக்கி வைத்தார், அப்புறம் இடது கால் வந்து சேர்ந்தது. “ஏறேக்க நல்ல கால், இறங்கேக்க பொய்க்கால்” என்று எனக்குப் பாடம் சொன்னார். புதுக் கூடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு சாக்ஸ்தான் போட்டிருக்கிறாராம்.